கரையில் நின்று பார்த்தவர்

பொதுக்காலம் 19ஆம் ஞாயிறு, முதலாம் ஆண்டு
மொன்ட்ரியால்-நோர், ஆகஸ்ட் 9
வாசகங்கள்: 1 அரசர் 19:9, 11-13, உரோமையர் 9:1-5, மத்தேயு 14:22-33



இன்றைய நற்செய்தி வாசிக்கப்பட்டபோது, கடலோரத்தில் பிறந்து வளர்ந்த உங்களுக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும். பேதுருவுக்குத் தண்ணீர் புதிதல்ல. கலிலேயக் கடல் அவருக்கு வீட்டு முற்றம். உயிர்த்த ஆண்டவர் கரையில் நிற்கிறார் என்று கேட்டதும், படகு கரை சேரும்வரை பொறுக்காமல் கடலில் குதித்தவர் அவர் என்று யோவான் எழுதிவைத்திருக்கிறார். அப்படிப்பட்டவர் அன்று இரவு ஆண்டவரை நோக்கித் தண்ணீர்மேல் நடந்தபோது ஏன் தாழ்ந்துபோனார்?

சிறுவனாக இருந்தபோது இதை எங்கள் ஊர்க் கிழவர்களிடம் கேட்டிருக்கிறேன். கரைவலை இழுத்துக் கை காய்த்துப்போனவர்கள். அவர்களில் ஒருவர் சொன்ன பதில் இன்றைக்கும் காதில் நிற்கிறது. "தம்பி, நீந்தத் தெரியாதவன் கடலுக்குக் கிட்டப் போகமாட்டான். தெரிஞ்சவன்தான் போவான். அவனைத்தான் ஒருத்தன் பார்த்துக்கொண்டு நிக்கவேணும்."

அவர்கள் அப்படித்தான் நின்றார்கள். வலை வளைக்கிற நாளில் அனுபவப்பட்ட ஒருவர் கரையிலேயே இருப்பார். தண்ணீரின் நிறம் எங்கே மாறுகிறது, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, வள்ளத்தில் போன பெடியன்கள் எத்தனை பேர், அத்தனை தலையும் தெரிகிறதா என்று பார்ப்பதே அவர் வேலை. மற்றவர்கள் வேர்க்க விறுவிறுக்கக் கயிறு இழுக்கும்போது அவர் சும்மா நிற்பதுபோலத் தெரியும். ஆனால் மீன் பங்கு பிரிக்கும்போது அவருக்கும் பங்கு உண்டு. சும்மா நின்றவர்தானே என்று யாரும் அவருக்குக் குறைத்துக் கொடுத்ததை நான் கண்டதில்லை.

மத்தேயு இன்று சொல்லாத ஒன்றை மாற்கு தம் ஆறாம் அதிகாரத்தில் சொல்கிறார். அதே இரவு, அதே படகு, அதே எதிர்காற்று. ஆண்டவர் தனியே தரையில் இருந்தார் என்றும், சீடர்கள் தண்டு வலித்துக் களைத்துப்போவதை அங்கிருந்தே கண்டார் என்றும் எழுதுகிறார். அவர்கள் அவரைக் காணவில்லை. அவர் அவர்களைக் கண்டுகொண்டிருந்தார். படகு போனது மாலையில். அவர் தண்ணீர்மேல் நடந்து வந்தது நாலாம் சாமத்தில், விடியப்போகிற நேரத்தில். அந்த இரவு முழுவதும் அவர் மலையில் செபித்தார் என்று நாம் சொல்லி வந்திருக்கிறோம். அது உண்மைதான். ஆனால் கண்ணை மூடிச் செபித்தார் என்று நாமாகச் சேர்த்துக்கொண்டோம்.

கதை சொல்லிவிட்டுக் கடைசியில் காணிக்கைத் தட்டை நீட்டுவது எனக்குப் பிடிக்காது. அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். இன்று இரண்டாவது தட்டு ஒன்று வரும். அது இலங்கையில் நம் ஊர்க் கடற்கரைகளில் உயிர்காப்பாளர்களை, இங்கே பிள்ளைகள் லைஃப்கார்ட் என்று சொல்கிறார்களே, அவர்களை நிறுத்துவதற்கு. புயல் அடித்த கரைக்கு இது என்ன அவசரம் என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

முதலில் நாம் இங்கே கண்ட புயலைச் சொல்கிறேன். இதே ஆகஸ்ட் 9, 2024. உங்களுக்கு நினைவிருக்கும். டெபி என்ற சூறாவளி தெற்கே ஃப்ளோரிடாவில் கரையேறி, வலுவிழந்து, மிச்சம் மீதியாக நம் தலைக்கு மேல் வந்து கொட்டியது. மொன்ட்ரியால் விமான நிலையத்தில் அந்த ஒரே நாளில் பதிவான மழை 154 மில்லிமீற்றர். அதற்கு முன் எந்த நாளிலும் அங்கே அவ்வளவு மழை பதிவானதில்லை. கெபெக் மாகாணத்தில் காப்புறுதி நிறுவனங்கள் இழப்பீடாக மிக அதிகம் கொடுக்கவேண்டி வந்ததும் அந்தப் பேரிடருக்குத்தான். பேஸ்மென்ட் வீடுகளில் இருந்தவர்கள் அரிசி மூட்டையையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் தூக்கிக்கொண்டு படியேறியதை நான் பார்த்தேன். நம் ஹெயிட்டி அயலவர்கள் வாளியோடு வந்து நின்றதையும் பார்த்தேன். 2010 நிலநடுக்கத்தையும் 2016இல் மத்தேயு புயலையும் தொலைபேசியில் அழுது கடந்தவர்கள் அவர்கள். யாரும் கூப்பிடாமலே வந்தார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டு நவம்பர் முடிவில் இலங்கையில் டித்வா புயல் வந்தது. கிழக்குக் கரையில் ஏறி, தீவு முழுவதையும் நனைத்து, மலையகத்தில் மண்ணைச் சரித்து, 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மட்டக்களப்பு அம்மாமார் 1978 நவம்பர் 23 புயலை நினைத்துக்கொண்டு இரவெல்லாம் தொலைபேசியோடு இருந்தீர்கள். இன்றைய இரண்டாம் வாசகத்தில் பவுல் தம் இனத்தாரை நினைத்து உள்ளத்தில் ஓயாத வேதனை என்கிறாரே, அந்த வேதனைக்கு நமக்கு விளக்கவுரை தேவையில்லை. நீங்களும் அள்ளிக் கொடுத்தீர்கள். கூரைத் தகடு, பால்மா, பாயும் போர்வையும், பள்ளிப் புத்தகம் என்று கொடுத்தீர்கள். ஆண்டவர் அதை அறிவார்.

அந்த நாள்களில் ஒரு பேச்சும் கேட்டது. கடவுள் தண்டித்துவிட்டார் என்று. இன்றைய முதல் வாசகத்தில் வரும் எலியாவின் குகைக்கு முன்னால் அந்தப் பேச்சு நிற்காது, பிள்ளைகளே. மலையைப் பிளக்கும் காற்று வந்தது; ஆண்டவர் அதில் இல்லை. நிலம் அதிர்ந்தது, அதிலும் இல்லை. தீ வந்தது, அதிலும் இல்லை. பிறகு ஒரு மெல்லிய ஒலி. எலியா போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்தது அந்த ஒலி கேட்டுத்தான். ஆகவே புயலுக்குள் ஆண்டவரைத் தேடாதீர்கள். புயலுக்கு முன்னும் பின்னும் கேட்கிற சின்னச் சத்தங்களில் தேடுங்கள்.

அப்படி ஒரு சின்னச் சத்தத்தின் கதையைச் சொல்லுகிறேன்.

புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு என்று ஒரு மீனவ ஊர். ஏறக்குறைய 3,600 பேர். 1998 முதல் அந்தப் பகுதிக் கிராமங்களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் அறிவு மையங்கள் என்று சில சிறிய அறைகளைத் திறந்தது. ஒரு கணினி, ஒரு தொலைபேசி, கூரையில் ஒலிபெருக்கி. காலையில் கடல் எப்படி இருக்கும், அலை எவ்வளவு உயரம், மீன் என்ன விலை போகிறது, அரசுக் கடனுக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று அறிவிப்பார்கள். கடலுக்குப் போகிறவர்கள் கேட்டுவிட்டுப் போவார்கள். ஆண்டுக்கணக்காக அந்த ஒலிபெருக்கி செய்த வேலை அவ்வளவுதான். வெளியூர்க்காரர் யாராவது வந்து பார்த்திருந்தால், இதற்கா இவ்வளவு செலவு என்றுகூடக் கேட்டிருப்பார்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியில் சுமாத்திராப் பக்கம் கடல் பொங்கிய செய்தியைக் கண்டதும் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். கடல் தண்ணீர் ஊருக்குள் வருகிறது என்று வீட்டார் சொன்னார்கள். ஓடுங்கள், எல்லாருக்கும் சொல்லுங்கள் என்றார். அறிவு மையம் பூட்டிக் கிடந்தது. ஊரார் அதை உடைத்துத் திறந்து ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். மீன் விலை சொன்ன அதே ஒலிபெருக்கி. ஊர் எழுந்து ஓடியது. வீடுகள் போயின, படகுகள் போயின. அந்த ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அந்த அறிவு மையங்களுக்குத் தொடக்கத்தில் பணம் கொடுத்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஒட்டாவா. கனடா அரசின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையம். நீங்கள் தொழிற்சாலையில் இரவுவேலை செய்து கட்டிய வரியில் ஒரு சதம் நல்லவாட்டின் கூரையில் ஒலிபெருக்கியாக நின்றிருக்கலாம். அந்த ஆண்டுகளில் உங்களில் பலர் அகதிக் கோரிக்கைக்குப் பதில் வராமல் காத்திருந்தீர்கள். அப்போதும் வரி கட்டினீர்கள். எங்கே போகிறது என்று தெரியாமலே கட்டினீர்கள்.

அதே காலையில் வேளாங்கண்ணியில் என்ன நடந்தது என்பதையும் நாம் அறிவோம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் போன திருப்பயணிகள், நம் சொந்தங்கள் உட்பட, பூசை முடித்துக் கடற்கரைக்கு இறங்கியிருந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மணலிலேயே போய்விட்டார்கள். பேராலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை என்று நாம் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறோம். மாதாவின் பெயரால் உங்களைக் கேட்கிறேன்: அந்தச் சாட்சியை அந்த இடத்தோடு நிறுத்திவிடாதீர்கள். மணலில் நின்றவர்களும் அவர் பிள்ளைகளே. கடல் உள்வாங்கியபோது, ஓடுங்கள் என்று சொல்ல அங்கே நியமிக்கப்பட்ட ஓர் ஆள் இல்லை. அதற்காகத் தாய் எவ்வளவு அழுதிருப்பாள் என்றுதான் நான் நினைக்கிறேன். ஏறக்குறைய பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் குமரிக் கரையைத் தாக்கியபோதும், ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. சின்னத்துறையிலும் தூத்தூரிலும் பங்குக் கோயில்களில் எத்தனை பெண்கள் வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்தார்கள்!

இதையெல்லாம் பெரிய பேரிடராகப் பார்க்கிறோம். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021இல் மட்டும் நீரில் மூழ்கி இறந்தவர்கள் ஏறக்குறைய 3 இலட்சம் பேர். அவர்களில் கால்வாசிக்குக் கிட்டத்தட்ட ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். புயலும் இல்லை, செய்தியும் இல்லை. ஒரு குளம், ஒரு கிணறு, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கடற்கரை. ஐக்கிய நாடுகள் சபை ஜூலை 25ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக 2021இல் அறிவித்தது. இரண்டு கிழமைக்கு முன்தான் அந்த நாள் வந்து போனது.

மூழ்குகிறவரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பேதுரு கத்தினார், ஆண்டவர் உடனே கையை நீட்டினார். பேதுருவால் கத்த முடிந்தது, ஏனென்றால் அவர் அப்போதுதான் தாழத் தொடங்கியிருந்தார். உண்மையில் மூழ்குகிறவர் கத்தமாட்டார். சினிமாவில் காட்டுவதுபோலக் கையை மேலே ஆட்டவும் மாட்டார். மூச்சு எடுக்கவே வாய் போதாது. கைகள் தம்மையறியாமல் தண்ணீரைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் வந்து வந்து போகும். இருபது முதல் அறுபது விநாடி. பக்கத்தில் குளிக்கிறவருக்கு அவர் விளையாடுவதுபோலத் தெரியும். அதனால்தான் பார்ப்பதற்கென்றே ஒருவர் வேண்டும்.

அமெரிக்காவின் தெக்சாசில் கல்வெஸ்டன் என்று ஒரு தீவு நகரம். அங்கே லெரோய் கொலம்போ என்று ஓர் உயிர்காப்பாளர் இருந்தார். ஏழு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து காது கேளாமல் போனவர். ஒரு கூக்குரலும் அவர் காதில் விழாது. அவர் கண்ணால் மட்டும் பார்த்துக் காப்பாற்றியவர்கள் 907 பேர் என்று கின்னஸ் புத்தகம் பதிவு செய்தது. 1974இல் அதே கடலில் நீந்திக்கொண்டிருந்தபோது இறந்தார். கேட்கிற காது உள்ளவர்கள் கூக்குரலுக்காகக் காத்திருக்கிறோம். கூக்குரல் வராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த நகரத்தைப் பற்றி இன்னும் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் திருச்சபையின் இரத்தமும் அந்தக் கடலில் கலந்திருக்கிறது. 1900 செப்டம்பர் 8, அன்னையின் பிறந்த நாள், வேளாங்கண்ணித் திருநாள். அன்று கல்வெஸ்டனை அடித்த சூறாவளியில் குறைந்தது ஆறாயிரம் பேர் இறந்தார்கள். கடற்கரையோரம் புனித மரியா அனாதை இல்லம் இருந்தது. 93 பிள்ளைகள், 10 அருட்சகோதரிகள். தண்ணீர் ஏற ஏற, சகோதரிகள் பிள்ளைகளை மாடிக்குக் கொண்டுபோய், துணி உலர்த்தும் கயிற்றை வெட்டி, பிள்ளைகளைத் தங்கள் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். அலைகளின் அரசியே என்று மாதாவைக் கூப்பிடும் பழைய பிரெஞ்சுப் பாடல் ஒன்றைப் பிள்ளைகளோடு பாடினார்கள். கட்டடம் விழுந்தது. தப்பியது மூன்று பையன்கள் மட்டும். பிறகு உடல்களைக் கண்டபோது கயிறு அவிழவில்லை. மனித அவதாரச் சகோதரிகளின் அந்தச் சபை இன்றும் ஒவ்வொரு செப்டம்பர் 8இலும் அந்தப் பாட்டைப் பாடுகிறது. வேளாங்கண்ணித் திருநாளைக் கொண்டாடும் நாளில் அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி, நான் முதலில் புரிந்துகொள்ளாத விசயத்துக்கு வருகிறேன்.

கல்வெஸ்டன் கடற்கரை உயிர்காப்பாளர்களின் சம்பளத்தில் பெரும்பங்கு விடுதி அறைகளின் மேல் விதிக்கும் வரியிலிருந்து வருகிறது. நல்ல ஏற்பாடுதான்: குளிக்க வருகிறவர் தங்குகிறார், தங்குகிறவரின் காசில் காவல் நிற்கிறது. ஆனால் 2008 செப்டம்பர் 13இல் ஐக் சூறாவளி அந்தத் தீவில் ஏறியது போன்ற ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். விடுதிகள் மூடிக் கிடக்கும். ஆளில்லாத அறைக்கு வரி ஏது? காவலுக்கு வேண்டிய காசு, காவல் அதிகம் வேண்டிய நேரத்தில் வற்றிப்போகும். நம் ஊர்க் கரைகளிலும் இதுதான் நிலைமை. கடற்கரையில் ஒரு பெடியனை நிறுத்திச் சம்பளம் கொடுப்பது பெரும்பாலும் கடைக்காரரோ விடுதிக்காரரோதான். புயல் அவர்களை முறித்துவிட்டால் முதலில் நிறுத்தப்படுவது அந்தப் பெடியனின் சம்பளம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கூரை போனவன் கூரைக்குத்தான் காசு தேடுவான்.

காவல் அதிகம் வேண்டிய நேரம் என்றேன். கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். பெரும் புயல் கடலுக்கு அடியில் உள்ள மணல்திட்டுகளைப் புரட்டிவிடும். எங்கே ஆழம், எங்கே இழுவை என்று ஊரார் தலைமுறையாக அறிந்துவைத்திருந்தது பொய்த்துப்போகும். நேற்றுவரை குழந்தைகள் குளித்த இடத்தில் இன்று ஒரு வாய்க்கால்போல நீர் வெளியே இழுக்கும். முறிந்த மரமும் வலைத் துண்டும் உடைந்த சுவரும் அடியில் கிடக்கும். மேலே தண்ணீர் தெளிந்து, அமைதியாக, பளபளவென்று இருக்கும். கிழக்குக் கரையில் கடல் மே முதல் செப்டம்பர் வரைதான் அடங்கியிருக்கும். அந்த மாதங்களில்தான் பாசிக்குடாவிலும் நிலாவெளியிலும் அறுகம்குடாவிலும் சனம் கூடுகிறது. அதே ஜூலை, ஆகஸ்ட்டில்தான் நீங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறீர்கள். நகரசபைக் குளத்தில் நீந்திப் பழகிய பிள்ளை, எனக்கு நீந்தத் தெரியும் என்று ஓடும். கிழவர் சொன்னாரே, தெரிந்தவன்தான் போவான் என்று.

பொலிஸ் உயிர்காப்புப் பிரிவினர் சில கடற்கரைகளில் கடமையில் நிற்கிறார்கள், பலரைக் கரைசேர்த்திருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. ஆனால் நம் சனம் இறங்குகிற எல்லாக் கரையிலும் அவர்கள் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில உயிர்காப்பு அமைப்பு இலங்கை உயிர்காப்புச் சங்கத்தோடு கைகோத்துப் பயிற்சி கொடுக்க முன்வந்தது. அந்த நாட்டுக் கடலோரக் கழகங்களில் சனி ஞாயிறுகளில் சம்பளமில்லாமல் காவல் நிற்கும் சாதாரண மக்கள்தான் அந்த அமைப்பு. தங்கள் கரையைப் பார்த்துக்கொண்டவர்கள், நம் கரையையும் பார்க்கலாமே என்று நினைத்தார்கள். பிறத்தியார் நினைத்ததை நாம் நினைக்காமல் இருக்கலாமா?

தட்டில் விழுகிற காசு எதற்குப் போகும் என்று கேட்பது உங்கள் உரிமை. கிழக்கிலும் வடக்கிலும் கரையோரப் பங்குகளின் குருமாருக்கு நம் பங்கு மன்றம் எழுதப்போகிறது. கேள்வி ஒன்றுதான்: உங்கள் கரையில் குளிக்கிறவர்களைப் பார்க்க யார் நிற்கிறார்கள்? யாரும் இல்லை என்று பதில் வருகிற கரைக்கு முதலில் போவோம். ஊர்ப் பெடியன்கள் இருவரையோ பெட்டைகள் இருவரையோ முறையான பயிற்சிக்கு அனுப்பி, பருவம் முழுவதும் சம்பளம் கொடுத்து நிறுத்துவது. மிதவை வளையம், கயிறு, விசில், கொடி, நிழலுக்கு ஒரு குடில். சைவமா, வேதமா, இஸ்லாமா என்று கடல் பார்ப்பதில்லை, நாமும் பார்க்கப்போவதில்லை. வரவு செலவு மாதந்தோறும் கோயில் வாசலில் ஒட்டப்படும். சம்பளத்துக்கென்று நான் அழுத்திக் கேட்கிறேன், ஏனென்றால் பொருளுக்குக் கொடுக்க நமக்கு மனம் வரும். அதில் பெயர் எழுதலாம், படம் எடுத்து அனுப்பலாம். ஒரு பிள்ளை வெயிலில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குச் சம்பளம் என்றால் கை தயங்கும். பருவம் முடிவில் அவரிடம் என்ன நடந்தது என்று கேட்டால், ஒன்றும் நடக்கவில்லை சுவாமி என்பார். அந்த ஒன்றும் நடக்காததற்குத்தான் காசு கேட்கிறேன்.

இன்னொன்று. காசு கொடுத்துவிட்டு நம் பிள்ளைகளை மறந்துவிடக்கூடாது. இங்கே கூவான் தெருவைத் தாண்டினால் பிரெய்ரி ஆறு. எமே-லெயோனார் பூங்காவில் மாலையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். பீ-நெஃப் பாலத்தடியில் அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று ஒரு தடவை நின்று பாருங்கள். புதிதாக இந்த நாட்டுக்கு வந்தவர்களில் நீந்தத் தெரியாதவர்கள் அதிகம் என்று இங்குள்ள உயிர்காப்புச் சங்கம் ஆண்டுதோறும் சொல்லிவருகிறது. அவர்களின் அடிப்படைப் பயிற்சி மூன்றே காரியம்: ஆழத்தில் விழுந்து மேலே வருவது, ஒரு நிமிடம் நின்ற இடத்தில் மிதப்பது, ஐம்பது மீற்றர் நீந்துவது. பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள். உடுப்பைப் பற்றிக் கவலையென்றால் முழுக்கை நீச்சலுடை இருக்கிறது. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் உயிர்காப்பாளர் பயிற்சிக்கே போகலாம். கோடையில் அது வேலையும்கூட.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மூழ்குகிறவரைக் கண்டால், தெரியாதவர் பாயாதீர்கள். நம் ஊர்க் குளங்களில் ஒருவரைக் காப்பாற்ற இறங்கி ஒரே வீட்டில் மூன்று பிணம் எடுத்த கதை எத்தனை! கயிறு, சேலை, வெற்றுத் தண்ணீர்க் கேன், ஐஸ் பெட்டி, எது கிடைக்கிறதோ அதை எறியுங்கள். கம்பை நீட்டுங்கள். இழுவையில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைக்காமல், கரைக்குப் பக்கவாட்டில் நீந்தி இழுவையை விட்டு வெளியே வரவேண்டும். முடியாவிட்டால் மிதந்துகொண்டு கையைக் காட்டவேண்டும். இதைப் பீடத்தில் நின்று சொல்லலாமா என்று யாராவது நினைத்தால், பேதுருவின் மணிக்கட்டைப் பிடித்த கையை நினைத்துக்கொள்ளட்டும்.

ஆண்டவர் பேதுருவைப் படகில் ஏற்றியதும் காற்று அடங்கியது என்று மத்தேயு எழுதுகிறார். முதலில் ஆள், பிறகுதான் காற்று.

இன்று இரவு உங்களில் பலர் ஊருக்குத் தொலைபேசி எடுப்பீர்கள். இங்கே எட்டு மணி என்றால் அங்கே விடிகாலை ஐந்தரை. கடலுக்குப் போகிறவர்கள் வள்ளம் தள்ளுகிற நேரம். அக்காவிடமோ மாமாவிடமோ சாப்பாடு, மழை, கூரை எல்லாம் விசாரித்த பிறகு இதையும் ஒரு தடவை கேளுங்கள்: "உங்கட கடற்கரையில குளிக்கிற பிள்ளையளைப் பாக்க ஆர் நிக்கினம்?" என்ன பதில் வருகிறது என்று அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் வாசலில் வந்து எனக்குச் சொல்லுங்கள். ஊர்ப் பெயரோடு எழுதிக்கொள்கிறேன்.